இரை எடுக்காத தவளை: வீட்டுத் தவளைப் பராமரிப்பின் வரலாறு

ஐரோப்பாவில் தவளையை வீட்டுக்குள் வைத்து வளர்க்கும் வழக்கம் இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் பழையது. அந்த வழக்கத்தோடு ஒரு கவலையும் சேர்ந்தே பிறந்தது. வளர்த்த தவளை சில நாளில் இரை எடுக்காமல் போனது. நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் முனகும், சுருண்டு படுக்கும். தவளை எதையும் காட்டிக்கொள்ளாது. வாயை மூடிக்கொண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். நாள் போகப்போக இடுப்பெலும்பு தோலைத் துருத்திக்கொண்டு தெரியும்.

அது ஏன் தின்னவில்லை என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒரு விடை சொன்னது. முதலில் பருவத்தைக் காரணம் காட்டினார்கள், பிறகு இரையை, அதற்குப் பிறகு கிருமியை. இந்த விடைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து கடைசியில் ஒரு தெளிவைத் தந்தன. இரை எடுக்காத தவளையின் கோளாறு பெரும்பாலும் வயிற்றில் தொடங்குவதில்லை. அது இருக்கும் தண்ணீர், அங்குள்ள சூடு, அதன் தோல், அதன் நாக்கு ஆகியவற்றில் தொடங்குகிறது.

ஏணி வைத்த சாடி

ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் பச்சை நிற மரத்தவளையை வானிலை சொல்லும் பிராணியாக வளர்த்தார்கள். ஒரு கண்ணாடிச் சாடி, அடியில் கொஞ்சம் தண்ணீர், அதில் சாய்த்து வைத்த சின்ன மர ஏணி. தவளை ஏணியில் ஏறி உட்கார்ந்தால் வெயில் அடிக்கும், தண்ணீரிலேயே கிடந்தால் மழை வரும் என்பது நம்பிக்கை. இன்றும் ஜெர்மனியில் தொலைக்காட்சியில் வானிலை சொல்பவரைச் செல்லமாக ‘வானிலைத் தவளை’ என்றுதான் அழைக்கிறார்கள்.

நம்பிக்கைக்கு வேர் இல்லாமல் இல்லை. நல்ல வெயிலில் பூச்சிகள் உயரப் பறக்கும். அவற்றைப் பிடிக்க மரத்தவளையும் செடியில் உயர ஏறும். சாடிக்குள் பூச்சியும் இல்லை, செடியும் இல்லை. அங்கே தவளை ஏறுவதும் இறங்குவதும் எதையும் சொல்வதில்லை.

சாடி வாழ்க்கையின் பெரிய சோதனை குளிர்காலம். காட்டில் அந்த மாதங்களில் மரத்தவளை இலைக்குவியலிலும் மண்ணிலும் ஒடுங்கிப் பட்டினி உறக்கத்தில் இருக்கும். அப்போது உடலின் இயக்கம் மிகவும் குறைந்துவிடுவதால் உணவின் தேவையும் குறைந்துவிடும். அடுப்பு எரியும் வீட்டுக்குள் அது உறங்க முடியாது. உடல் சூடாகவே இருப்பதால் சேமித்த கொழுப்பு கரைந்துகொண்டே போகும். தின்னவோ ஈ கிடைக்காது. குளிரவும் விடாமல், தீனியும் இல்லாமல் நடுவில் மாட்டிக்கொண்ட தவளை வசந்தத்துக்குள் எலும்பும் தோலுமாகிவிடும்.

டவுன்சனின் ஜன்னல்

இந்தச் சிக்கலை முதலில் பொறுமையாகக் கவனித்து எழுதி வைத்தவர்களில் ராபர்ட் டவுன்சன் முக்கியமானவர். இங்கிலாந்தைச் சேர்ந்த இந்த இயற்கையியலாளர் 1790களில் ஜெர்மனியின் கோட்டிங்கனில் படித்துக்கொண்டிருந்தபோது ஜன்னலோரத்தில் மரத்தவளைகளை வளர்த்தார். அவற்றுக்கு டேமன், மியூசிடோரா என்று பெயரும் வைத்திருந்தார்.

குளிர்காலத்துக்காக அவர் முன்கூட்டியே நிறைய ஈக்களைப் பிடித்துச் சேர்த்து வைத்தார். செத்த ஈயை மியூசிடோராவின் முன்னால் வைத்தால் அது கண்டுகொள்ளவே இல்லை. டவுன்சன் குனிந்து அந்த ஈயை வாயால் மெல்ல ஊதினார். ஈ அசைந்ததுதான் தாமதம், தவளை பாய்ந்து விழுங்கிவிட்டது. ஈ தட்டுப்பாடான நாளில் ஆமைக்கறியைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி அதே மாதிரி ஊதிப் பார்த்தார். அதையும் தவளை கவ்வியது. கவ்விய மறுகணமே நாக்கிலிருந்து தள்ளிவிட்டது. தவளைக்கு இரையை இரையாகக் காட்டுவது அசைவு. அதை விழுங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்வது வாய். இரண்டும் தனித்தனி என்பது அந்த ஜன்னலோரத்தில் தெரிந்தது.

அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு இதைவிடப் பெரியது. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. ஈரத்தின் மேல் வயிறு படப் படுத்துத் தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. தவளையை எடை போட்டு, ஈரத்தில் வைத்து, மறுபடி எடை போட்டு இதை நிரூபித்தார். இந்த ஆய்வுகள் 1794, 1795 ஆண்டுகளில் லத்தீனிலும் 1799-இல் ஆங்கிலத்திலும் நூலாக வந்தன. தவளையின் அடிவயிற்றில் தொடைகளுக்கு நடுவே உள்ள மெல்லிய தோல்தான் அது தண்ணீர் பருகும் முக்கிய இடம் என்பது பின்னர் தெளிவானது. தோலால் குடிக்கும் பிராணி, தண்ணீரில் உள்ள கேட்டையும் தோலாலேயே குடிக்கும். இந்த உண்மை வளர்ப்பவர்களின் கைக்கு வந்துசேர நூறாண்டுக்கு மேல் பிடித்தது.

இடையில் தவளையின் வீடு மாறியது. லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்ட், மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடி தன் ஈரத்தைத் தானே காத்துக்கொண்டு பல ஆண்டு வாழும் என்று காட்டி 1842-இல் நூல் எழுதினார். அந்தப் பெட்டி பின்னாளில் தவளைக்கும் வீடானது. 1884-இல் ஜெர்மனியில் யோஹான் ஃபான் ஃபிஷரும் 1897-இல் இங்கிலாந்தில் கிரெகரி பேட்மனும் இப்படிப்பட்ட பெட்டிகளை அமைப்பதற்கும் அவற்றில் ஊர்வன, நீர்நில வாழ்வன ஆகியவற்றை வளர்ப்பதற்கும் விரிவான கையேடுகள் வெளியிட்டார்கள். ஏணி வைத்த வெற்றுச் சாடி போய், மண்ணும் பாசியும் செடியும் உள்ள ஈரமான பெட்டி வந்தது. நோயைப் பற்றிய அறிவு வேறொரு இடத்தில் வளர்ந்துகொண்டிருந்தது.

ஆய்வுக்கூடத்துத் தவளைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் உடலியல் ஆய்வு ஏறக்குறைய தவளையின் முதுகிலேயே நடந்தது. இதயம், நரம்பு, தசை எதைப் பற்றி அறிய வேண்டுமானாலும் தவளைதான் மேசைக்கு வந்தது.

லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் சிட்னி ரிங்கர், உடலிலிருந்து பிரித்த தவளை இதயத்தை உப்புக்கரைசலில் துடிக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சில கரைசல்களில் மட்டும் இதயம் நெடுநேரம் துடித்தது. அந்தக் கரைசல்கள் காய்ச்சி வடித்த நீரில் அல்லாமல் குழாய்த் தண்ணீரில் கலக்கப்பட்டவை என்பது தெரியவந்தது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் இதயத்தை ஓட வைத்திருந்தது. 1883-இல் அவர் இதை வெளியிட்டார். சோடியம், பொட்டாசியம், கால்சியம் மூன்றும் அளவோடு கலந்த ரிங்கர் கரைசல் இப்படிப் பிறந்து மனித மருத்துவத்துக்குள் நுழைந்தது. பின்னர் அது தவளைக்கே மருந்தாகத் திரும்பி வந்தது. நோயுற்ற தவளையின் தோலும் சிறுநீரகமும் வேலை செய்யாதபோது, சாதாரணத் தண்ணீர் உடலுக்குள் நிறைந்து வீக்கம் உண்டாகும். உப்புகள் வெளியே கசிந்துவிடும். லிட்டருக்கு ஏறக்குறைய 6.6 கிராம் சாதா உப்போடு மற்ற உப்புகளும் சிறிது சேர்த்த ரிங்கர் நீரில் அதை உட்கார வைத்தால் அந்தக் கசிவு அடங்கும்.

ஆய்வுக்கூடத் தொட்டிகளில் தவளைகள் கூட்டமாகச் செத்தன. இரை எடுக்காமல் சோர்ந்து, தொடையின் உட்புறத் தோல் சிவந்து, ஓரிரு நாளில் முடிந்துவிடும். 1905-இல் அமெரிக்காவில் ஹேவன் எமர்சனும் சார்லஸ் நாரிஸும் இந்தச் ‘செங்கால் நோய்’ பாக்டீரியாவால் வருவது என்று விரிவாக எழுதினார்கள். ஏரோமோனாஸ் என்ற அந்தக் கிருமி குளத்துத் தண்ணீரில் சாதாரணமாகவே இருப்பது. நல்ல நிலையில் உள்ள தவளையை அது பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. நெரிசல், அழுக்குத் தண்ணீர், பட்டினி இவற்றால் தளர்ந்த உடலில்தான் அது புகுந்து விளையாடும்.

அமெரிக்க ஆய்வுக்கூடங்களுக்கு வந்த புள்ளித் தவளைகள் காட்டில் பிடிபட்டவை. வியாபாரிகள் அவற்றைக் குளிரில் அடைத்து, தீனி இல்லாமல் மாதக்கணக்கில் வைத்திருந்து அனுப்பினார்கள். 1971-இல் ஜார்ஜ் நேஸ் உள்ளிட்ட மூவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே, உயிரோடு வரும் தவளை ஏறக்குறைய செத்ததுதான் என்ற பொருளில் அமைந்தது. ஆய்வு முடிவுகளே இதனால் கெட்டுப்போகின்றன என்று அவர்கள் எச்சரித்தார்கள். 1974-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் ஆய்வுக்கூட நீர்நில வாழ்விகளின் இனப்பெருக்கம், பராமரிப்பு, மேலாண்மை குறித்த வழிகாட்டியை வெளியிட்டது.

கருவைச் சொன்ன தவளை

தவளை மருத்துவம் தனித்துறையாக எழுந்ததில் தென்னாப்பிரிக்க நகத்தவளைக்குப் பெரும் பங்கு உண்டு. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கேப் டவுனில் பணியாற்றிய லான்சலாட் ஹாக்பென், மாட்டின் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியால் செலுத்தினால் பெண் நகத்தவளை முட்டையிடுவதைக் கண்டார். சில ஆண்டுகளில் அது கருப் பரிசோதனையானது. பெண்ணின் சிறுநீரைத் தவளையின் தோலுக்கு அடியில் செலுத்துவார்கள். அவர் கருவுற்றிருந்தால் தவளை ஒரு நாளுக்குள் முட்டையிட்டுவிடும். தவளைக்குச் சேதம் இல்லை. சில வாரம் கழித்து அதையே மறுபடி பயன்படுத்தலாம். அதுவரை முயலையும் எலியையும் கொன்று பார்த்த சோதனைக்கு இது பெரிய மாற்று. 1960களில் நோயெதிர்ப்பியல் முறைச் சோதனைகள் வரும்வரை உலகெங்கும் மருத்துவமனைகளில் நகத்தவளைத் தொட்டிகள் இருந்தன.

ஊர்விட்டு ஊர் அனுப்பியும் நகத்தவளை பிழைத்ததற்கு ஒரு காரணம் அதன் சாப்பாட்டு முறை. அதற்கு நாக்கு கிடையாது. மோப்பத்தாலும் நீரின் அதிர்வாலும் இரையை அறிந்து, முன்கை விரல்களால் வாய்க்குள் திணித்துக்கொள்ளும். நறுக்கிய ஈரலையும் இறைச்சியையும் கூடத் தின்னும். மற்றத் தவளைகளைப் போல உயிருள்ள இரையைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் இந்த வசதியே ஒரு பாடத்தைக் கற்பித்தது. தின்று மிஞ்சிய ஈரல் தொட்டியிலேயே கிடந்தால் தண்ணீர் அழுகி, அம்மோனியா ஏறி, அடுத்த வேளை தவளைகள் வாயைத் திறக்காது. தீனி போட்டால் தண்ணீரை மாற்று என்பது தொட்டி பார்ப்பவர்களின் முதல் விதியானது.

பிரிட்டனில் இந்தச் சோதனையைப் பரவச் செய்தவர்களில் ஒருவர் ஜெர்மனியிலிருந்து அகதியாக வந்த மருத்துவர் எட்வர்ட் எல்கன். 1938-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இதைப் பற்றி எழுதினார். மனிதர்களுக்காகத் தவளையை நாடிய இந்த மருத்துவர் பின்னர் தவளைகளின் நோய்களையே ஆராயத் தொடங்கினார். 1965-இல் மியூனிக்கின் ரைகன்பாக்-கிளின்கேயுடன் சேர்ந்து மீன், நீர்நில வாழ்வன, ஊர்வன ஆகியவற்றின் நோய்கள் பற்றி அவர் வெளியிட்ட பெருநூல், அந்தத் துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று.

கண்ணும் நாக்கும்

டவுன்சன் ஊதிக் கண்டதற்கு விளக்கம் 1959-இல் கிடைத்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜெரோம் லெட்வினும் மூன்று சகாக்களும் தவளையின் கண் நரம்பில் மின்துடிப்பை அளந்தார்கள். சிறிய, கருத்த, அசைகிற பொருளுக்கு மட்டும் துடிக்கும் நரம்பு இழைகள் அதில் இருந்தன. அசையாத ஈக்கள் குவிந்து கிடந்தாலும் தவளை நடுவில் உட்கார்ந்து பட்டினியால் சாகும். அதன் பிறகு ஜெர்மனியின் காசல் நகரில் யோர்க்-பேட்டர் எவர்ட் தேரைகளுக்குக் கருப்பு அட்டைக் கீற்றுகளைக் காட்டினார். கீற்று நீளவாக்கில் நகர்ந்தால் தேரை அதைப் புழு என்று துரத்தியது. அதே கீற்றைச் செங்குத்தாக நிறுத்தி நகர்த்தினால் துரத்தவில்லை; ஒதுங்கியது. புழுவை இடுக்கியில் பிடித்து நீட்டுபவர் அதைக் கிடையாக, மெதுவாக நகர்த்த வேண்டும் என்ற அனுபவ வழக்கத்துக்கு இது அறிவியல் துணை.

1980களில் தென்னமெரிக்கக் கொம்புத் தவளை பலருடைய வளர்ப்புப் பிராணியானது. உடலில் பாதி வாயாக இருப்பதால், 1980-இல் வந்த வீடியோ விளையாட்டை வைத்து அதற்கு பேக்மேன் தவளை என்று பெயர் வந்தது. எதையும் விழுங்கும் இந்தத் தவளை திடீரென்று தின்பதை நிறுத்தியதும் வளர்த்தவர்கள் பதறினார்கள். அதன் சொந்த நாட்டில் வறண்ட மாதங்களில் அது மண்ணுக்குள் புதைந்து, உதிரும் தோலையே அடுக்கடுக்காகப் போர்த்திக்கொண்டு பட்டினி கிடக்கும். பெட்டி காய்ந்தாலும் அதைத்தான் செய்யும். ஆனால் எல்லாப் பட்டினியும் உறக்கம் அல்ல. இரையோடு கூழாங்கல்லையும் சேர்த்து விழுங்கிக் குடல் அடைத்த கொம்புத் தவளையும் அசையாமல்தான் கிடக்கும்.

தீனிப் பூச்சிகளின் குறையும் மெல்லத் தெரிய வந்தது. கடைகளில் விற்கும் சிள்வண்டிலும் மாவுப்புழுவிலும் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். அவற்றை மட்டுமே தின்னும் தவளையின் எலும்பு மெலியும், தாடை வளையும். வளைந்த தாடையால் இரையைக் கவ்வ முடியாது. 1989-இல் வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சிசாலையின் மேரி ஆலனும் ஒலாவ் ஆஃப்டெடலும், சிள்வண்டுக்கே கால்சியம் மிகுந்த தீனியைக் கொடுத்து அதன் குடலை நிரப்பினால் இந்தக் குறையைச் சரிசெய்யலாம் என்று காட்டினார்கள்.

மிகத் தெளிவான பாடம் வயோமிங் தேரையிடமிருந்து கிடைத்தது. அமெரிக்காவின் லாரமி சமவெளியில் மட்டும் வாழ்ந்த இந்தத் தேரை அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டு, 1987-இல் ஒரு ஏரியில் மறுபடி கண்டறியப்பட்டது. மிஞ்சியவற்றைப் பிடித்துக் காட்சிசாலைகளில் வளர்த்தார்கள். அங்கே சில தேரைகள் இரையைக் குறிபார்த்து நாக்கை நீட்டின, பூச்சி ஒட்டவில்லை. மறுபடி நீட்டின, மறுபடி ஒட்டவில்லை. தேரைக்குப் பசி இருந்தது, முயற்சியும் இருந்தது. வைட்டமின் ஏ குறைவால் நாக்கின் சளிச் சுரப்பிகள் மாறிப்போய், நாக்கில் பசை இல்லாமல் போயிருந்தது. இதற்குக் ‘குட்டை நாக்கு நோய்’ என்று பெயர் வைத்தார்கள். தின்ன மறுப்பதும் தின்ன முடியாமல் போவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தோலைத் தாக்கிய பூஞ்சை

1990களின் நடுவில் வாஷிங்டன் காட்சிசாலையில் நீல நிற விஷத்தவளைகள் சோர்ந்து செத்தன. நோய்க்கூறு ஆய்வாளர்கள் ஆலன் பெசியரும் டொனால்டு நிக்கல்ஸும் அவற்றின் தோலில் ஒரு விசித்திரமான உயிரியைக் கண்டார்கள். மெய்ன் பல்கலைக்கழகத்தின் ஜாய்ஸ் லாங்கோர் அதைத் தனியே வளர்த்து, கைட்ரிட் வகைப் பூஞ்சை என்று அடையாளம் கண்டார். மூவரும் 1999-இல் அதற்குப் பெயரிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டே லீ பெர்கரும் சகாக்களும் ஆஸ்திரேலியா, பனாமா காடுகளில் தவளைகளைக் கொன்று குவிப்பது இதே வகைப் பூஞ்சை என்று அறிவித்திருந்தார்கள். 2019-இல் வெளியான கணக்கின்படி 501 இனங்கள் இதனால் குறைந்தன. அவற்றில் 90 அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டன.

பூஞ்சை தோலில் மட்டும் இருக்கும்போது தவளை ஏன் சாக வேண்டும் என்ற கேள்விக்கு 2009-இல் விடை வந்தது. வளர்ப்பவர்களின் நெடுநாள் விருப்பமான ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளையை ஜேமி வாய்ல்ஸ் குழு ஆராய்ந்தது. பூஞ்சை பிடித்த தோல் உப்புகளை உள்ளே இழுக்கத் தவறுகிறது. இரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் சரிகின்றன. கடைசியில் இதயம் நிற்கிறது. ரிங்கர் எந்த உப்புகள் இல்லாவிட்டால் தவளை இதயம் நிற்கும் என்று காட்டினாரோ, அந்த உப்புகளையே இந்த நோய் பறிக்கிறது.

இந்தப் பூஞ்சையின் மூலம் கிழக்கு ஆசியா என்று 2018-இல் மரபணு ஆய்வு காட்டியது. உயிருள்ள தவளைகளை உலகெங்கும் அனுப்பிய வியாபாரம் அதைப் பரப்பியது. கருப் பரிசோதனைக்காகக் கப்பலேறிய நகத்தவளைகளுக்கும் இதில் பங்கு இருந்திருக்கலாம். 1938-இல் சேகரித்த ஒரு நகத்தவளையின் அருங்காட்சியக உடலிலேயே பூஞ்சை காணப்பட்டது. நன்மைக்கும் பிரியத்துக்கும் கூண்டில் வைத்த தவளையோடு, தெரியாமலேயே கேடும் பயணம் செய்தது. அதற்கு மருந்தும் கூண்டிலிருந்துதான் வந்தது. இட்ராகொனசோல் கலந்த நீரில் நாளுக்கு 5 நிமிடம், 11 நாட்கள் குளிப்பாட்டும் முறையை நிக்கல்ஸ் குழு உருவாக்கியது. காட்டில் பூஞ்சை நெருங்கியபோது, பனாமாவின் எல் வாயே ஊரில் பிடித்து வந்த பொன்னிறத் தவளைகளை 2006-இல் ஓட்டல் அறைகளிலேயே வைத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

இன்றைய முறை

2001-இல் கெவின் ரைட்டும் பிரென்ட் விட்டேகரும் தொகுத்த நீர்நில வாழ்வன மருத்துவ நூல் இந்த அறிவையெல்லாம் ஒரு வரிசையில் வைத்தது. இன்று இரை எடுக்காத தவளையைப் பார்க்கும் மருத்துவர் முதலில் பெட்டியைப் பற்றித்தான் கேட்கிறார். தண்ணீரில் அம்மோனியா எவ்வளவு? குழாய்த் தண்ணீரா? குளோரின் என்றால் ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும். குளோரமைன் அப்படிப் போகாது, அதற்கென உள்ள மருந்தைச் சேர்க்க வேண்டும். சூடு அந்த இனத்துக்கு ஏற்றதா? சூடு குறைந்தால் செரிமானம் நின்றுவிடும். வயிற்றில் உள்ள இரை அழுகும்.

அடுத்தது எடை. கிராம் காட்டும் சிறிய தராசில் ஈரமான டப்பாவோடு வைத்து எடுத்து, வாராவாரம் குறித்துவைப்பார்கள். பெரிய தவளை சில வாரம் தின்னாமல் இருந்தாலும் எடை நிலையாக இருந்தால் காத்திருக்கலாம். இறங்கிக்கொண்டே போனால் காத்திருக்கக் கூடாது. தோலில் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்துப் பூஞ்சைக்குச் சோதிப்பார்கள். மெல்லிய பிளாஸ்டிக் அட்டையின் முனையை உதட்டோரம் நுழைத்து வாயைத் திறந்து, நாக்கையும் தாடையையும் பார்ப்பார்கள். தொடுகிறவர் பவுடர் இல்லாத கையுறையை நனைத்துப் போட்டுக்கொள்வார். வெறுங்கையில் ஒட்டிய சோப்பும் தவளைக்குத் தோல் வழியே உள்ளே போகும். தவளையிடமிருந்து சால்மோனெல்லா மனிதருக்கு வராமலிருக்க, பிறகு கையைக் கழுவுவதும் அதே அளவு அவசியம்.

தளர்ந்த தவளையை, முகவாய் மட்டும் மேலே இருக்கும் அளவு ரிங்கர் நீரில் உட்கார வைக்கிறார்கள். மருந்துகள் பலவற்றை முதுகில் சொட்டாக விட்டாலே போதும்; தோல் உறிஞ்சிக்கொள்ளும். வாயைத் திறந்து ஊட்டுவது கடைசி வழி. நீர்ச்சத்து திரும்புமுன் ஊட்டிய இரை செரிக்காமல் தங்கிவிடும் என்பதால் தண்ணீரும் சூடும் சரியான பிறகே அதைச் செய்கிறார்கள். அதற்கும் முன்னால் ஒரு முறை, இடுக்கியின் நுனியில் ஒரு சின்ன மண்புழுவைப் பிடித்து, தவளையின் கண்ணுக்கு எதிரே கிடையாக மெல்ல அசைத்துப் பார்ப்பார்கள். தவளை தலையைத் திருப்பி, உடலைச் சரிசெய்துகொண்டு, நாக்கை நீட்டினால் சிகிச்சை பாதி முடிந்தது.